நூலாம்படைக்கு எத்தனை ஆங்கிலம்?

வாசகர் கேள்வி – பதில்

களுவாஞ்சிக்குடியில் இருந்து வந்த ஒரு சொற்கேள்வி இம்முறை முன்னுக்கு வந்துவிட்டது. சிலந்தி, வலை, ஒட்டறை என்று அதற்கு உறவான மற்றக் கேள்விகளையும் அதன் பின்னால் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பழைய ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டிய மாணவி ஒருத்தி 'அரேனியஸ்' என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்டாள். பாடசாலையில் உள்ள அகராதியில் அது இல்லை. சிலந்திவலையோடு தொடர்புடையது என்று மட்டும் தெரிகிறது. சரியான பொருள் என்ன? எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் கட்டுரையில் எழுதலாமா?
– ஆங்கில ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் எழுத்துக்கூட்டல்: ஏ, ஆர், ஏ, என், ஈ, ஓ, யூ, எஸ். அழுத்தம் இரண்டாம் அசையில் விழும்: அ-ரே-னியஸ். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டவுடன் அரீனியஸ் சமன்பாடு நினைவுக்கு வரும். அது சுவீடன் விஞ்ஞானி ஒருவரின் பெயர். அதில் 'ஆர்' இரண்டு, பின்னால் ஓர் 'எச்' வேறு. 'பிழையான' என்று பொருள் தரும் எரோனியஸ் மூன்றாவது ஆள். இந்த மூன்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அரேனியஸ் ஒரு பெயரடை. பொருள் இரண்டு. சிலந்திவலை போல மிக மெல்லிய, இழையிழையான என்பது ஒன்று. சிலந்திவலை மூடிய, ஒட்டறை பிடித்த என்பது மற்றது. ஆங்கிலத்தில் நிலைத்தது முதலாவதுதான். பழைய உடற்கூற்றியல், தாவரவியல் எழுத்துகளில் ஒரு சவ்வையோ இலைமேல் படர்ந்த மென்மயிரையோ சொல்லவே இது பயன்பட்டது.

வேர் இலத்தீன். அந்த மொழியில் அரானேயா என்றால் சிலந்தி. அதே சொல்தான் சிலந்தியின் வலைக்கும். எந்த இடத்தில் எது என்பதைச் சூழலைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸ் நண்பர் ஒருவரை விருந்துக்கு அழைக்கிறார். ஆனால் சாப்பாட்டை நீதான் கொண்டுவர வேண்டும், என் பணப்பை அரானேயாவால் நிறைந்து கிடக்கிறது என்கிறார். பணப்பைக்குள் சிலந்திக் கூட்டம் என்று படித்தால் பகிடி கெட்டுவிடும். வெறும் பை, நூலாம்படை கட்டிவிட்டது, அவ்வளவுதான். நம் ஊரில் அடுப்பில் பூனை படுத்திருக்கிறது என்று சொல்கிற அதே வறுமை.

இந்த அரானேயாவில் இருந்து 'வலை நிறைந்த' என்ற பொருளில் அரானேயோசுஸ் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில், இலத்தீன் கற்ற ஆங்கிலேயர்கள் புதுச் சொற்களை மூட்டை மூட்டையாகத் தங்கள் மொழிக்குள் இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், அரேனியஸும் உள்ளே வந்தது. கடைசியில் நிற்கும் ஓ-யூ-எஸ் என்ற ஈற்றைப் பிள்ளைகளுக்குத் தனியே காட்டுங்கள். ஃபேமஸ், டேஞ்சரஸ் என்ற சொற்களில் இருப்பதும் அதுதான்: உடைய, நிறைந்த, தன்மை கொண்ட. இது புரிந்தால் முன்பின் பார்த்திராத சொல்லையும் பாதி ஊகிக்கலாம்.

சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது. பொருள், சிலந்திவலையை ஒத்தது. உதாரணத்துக்கு வில்லியம் டெராம் என்ற மதகுருவின் வாக்கியத்தை எடுத்துக் காட்டுகிறார்: கண்ணுக்குள் இருக்கும் அரேனியஸ் சவ்வு சுருங்கியும் விரிந்தும் பார்வையின் குவியத்தை மாற்றுகிறது என்பது அதன் சாரம். கிட்டத்திலும் தூரத்திலும் உள்ளவற்றைப் பார்க்கக் கண்வில்லையின் வடிவத்தை மாற்றுவது பிசிர்த்தசை என்றும், அதையும் வில்லையையும் இணைப்பவை மிக நுண்ணிய நார்கள் என்றும் இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். பண்டைக் காலத்தவர் வெறுங்கண்ணால் பார்த்து, அங்கே ஏதோ நூலாம்படை போல இருக்கிறது என்று பெயர் வைத்தார்கள். விளக்கம் தவறினாலும் பார்வை நல்ல பார்வைதான்.

சொல்லின் சொந்தபந்தம் பெரியது. கிரேக்கத்தில் சிலந்தி அரக்னே. நெசவில் அதீனா தேவிக்கே சவால் விட்டு, கடைசியில் சிலந்தியாக்கப்பட்ட பெண்ணின் பெயரும் அதுவே. உயிரியலில் சிலந்திகளின் வருணத்துக்கு அரேனியே என்று பெயர். இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 50,000ஐத் தாண்டிவிட்டன. போர்த்துக்கேயத்தில் சிலந்தியை அரஞ்ஞா என்பார்கள். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியவர்களின் மொழி அது. அலுமாரி, குசினி, யன்னல் எல்லாம் நமக்குத் தந்த மொழி. சிலந்தியை மட்டும் நாம் கடன் வாங்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. பிரெஞ்சில் நடந்தது இன்னும் வேடிக்கை: முன்னாளில் அரைன்யே என்பது வலைக்குப் பெயர், சிலந்திக்கு வேறு சொல் இருந்தது. போகப் போக வலையின் பெயரைச் சிலந்தி பறித்துக்கொண்டது. இப்போது வலையைச் சொல்ல வேண்டுமென்றால் 'சிலந்தியின் துணி' என்று சுற்றி வளைக்கிறார்கள்.

கட்டுரையில் எழுதலாமா என்றால், வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். சொல் பிழையானதல்ல. ஆனால் இன்று ஆங்கிலம் பேசுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்றால் மிகையில்லை. சாதாரண தரக் கட்டுரையில் பாழடைந்த வீட்டின் முகட்டை அரேனியஸ் என்று எழுதினால், திருத்துபவர் எரோனியஸ் என்பதைப் பிள்ளை பிழையாக எழுதிவிட்டது என்று சிவப்புக் கோடு போடக்கூடும். அந்த இடத்துக்குக் கொப்வெபி என்ற எளிய சொல் போதும். பழைய அறிவியல் நூலை வாசிக்கும்போது விளங்கிக்கொள்ளவும், சொற்போட்டியில் எழுத்துக்கூட்டல் சொல்லவும் அரேனியஸை வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: மூளையை மூடியிருக்கும் மூன்று உறைகளில் நடுவில் உள்ளது அரக்னொயிட். அரக்னிட் என்றால் சிலந்தி வகுப்பு. மூளைக்கும் சிலந்திக்கும் என்ன சம்பந்தம்?
– உயர்தர உயிரியல் மாணவர், கல்முனை

பதில்: சிலந்தியோடு இல்லை, வலையோடுதான் சம்பந்தம். கிரேக்கத்தில் 'ஒயிட்' என்ற ஈறு உருவத்தை ஒத்தது என்று பொருள்படும். அரக்னொயிட் என்றால் வலையுரு. மேலே கேட்ட அரேனியஸின் கிரேக்கத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே தடித்த டியூரா மேற்றர், மூளையோடு ஒட்டிய பையா மேற்றர், இரண்டுக்கும் நடுவே அரக்னொயிட். அரக்னொயிட்டில் இருந்து பையாவுக்கு எண்ணற்ற மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்கும் இறங்குகின்றன. மண்டையோட்டைத் திறந்து பார்த்தால் நூலாம்படைதான். பெயருக்கு அதுவே காரணம். மேற்றர் என்பது இலத்தீனில் தாய். உறைகளைத் தாய் என்று சொன்னவர்கள் அரபு மருத்துவர்கள்; அதை அப்படியே இலத்தீனில் பெயர்த்தார்கள்.

பரீட்சைக்கு வராத ஒரு செய்தி: இந்தப் பெயர் முதலில் மூளைக்கு வைக்கப்பட்டதல்ல. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த மருத்துவர் ஹெரோஃபிலுஸ், கண்ணின் உட்படலம் ஒன்றுக்கே வலையுரு என்று பெயரிட்டார் என ரோமானிய எழுத்தாளர் செல்சுஸ் குறித்திருக்கிறார். ஜோன்சனின் அகராதியில் வரும் கண்சவ்வு அந்த வழியில் வந்ததுதான். மூளையின் நடு உறை தனி உறை என்று ஏற்கப்பட்டு அந்தப் பெயரைப் பெற்றது 17ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தில்.

அரக்னொயிட்டுக்குக் கீழே உள்ள வெளியில்தான் மூளைய முண்ணாண் பாய்பொருள் நிரம்பியிருக்கிறது. வளர்ந்தவரிடம் ஒரு நேரத்தில் இருப்பது ஏறக்குறைய 150 மில்லிலீற்றர். நாளொன்றுக்குச் சுரப்பது ஏறக்குறைய 500. அதாவது நாளில் மூன்று தடவைக்கு மேல் முழுவதும் புதிதாகிறது. சிசேரியன் சத்திரசிகிச்சைக்கு முதுகில் ஊசி ஏற்றி இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்கிறார்களே, அந்த மருந்து போய்ச் சேருவதும் இந்த வெளிக்குள்தான். முண்ணாண் முதல் இரண்டு நாரி முள்ளந்தண்டென்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுவதால், அதற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாம் நான்காம் என்புகளுக்கு இடையில் குத்துவார்கள்.

இந்த வெளிக்குள் குருதிக்குழாய் வெடித்தால் அது சிலந்தியுருக் கீழ்க் குருதிப்பெருக்கு. அதன் தலையிடி மெல்ல மெல்ல ஏறாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். வாழ்நாளில் இப்படி இடித்ததில்லை என்பார் நோயாளி. கூடவே சத்தி, பிடரி இறுக்கம், மயக்கம் வரலாம். தைலம் பூசிப் படுக்கவைத்து விடியும்வரை பார்ப்பது ஆபத்து. அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அது குருதி உறைவதைத் தடுக்கும். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: கொப்வெப் என்பதில் வெப் வலை. கொப் என்ன? சோளப்பொத்தியையும் கொப் என்கிறார்களே?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: சோளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பழைய ஆங்கிலத்தில் சிலந்திக்கு ஆற்றர்கொப்பே என்று பெயர். ஆற்றர் என்றால் நஞ்சு. கொப் என்பதைத் தலை, உச்சி என்று கொள்கிறார்கள். நஞ்சுத்தலை! காலப்போக்கில் முன்பாதி உதிர்ந்து கொப்பே மட்டும் சிலந்தியைக் குறித்தது. கொப்பேயின் வலை கொப்வெப் ஆனது. பிறகு கொப்பேயும் வழக்கொழிந்தது. நூற்பது என்ற வினையில் இருந்து வந்த ஸ்பைடர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. முழுச் சொல் இங்கிலாந்தின் வட்டார வழக்கில் அற்றர்கொப் என்று எஞ்சியிருக்கிறது. டென்மார்க்கில் இன்றும் சிலந்தி எதர்கொப்தான்.

கேள்வி: கவிதை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன். 'சிலந்தி இழை போன்ற துப்பட்டா' என்று ஒரு வரி. கொப்வெப் என்று போட்டால் அழுக்காகத் தொனிக்கிறது என்று நண்பர் சொல்கிறார். சரியா?
– மொழிபெயர்ப்பாளர், அக்கரைப்பற்று

பதில்: நண்பர் சொல்வது சரி. தமிழில் ஒட்டறைக்கும் சிலந்தி இழைக்கும் உள்ள தூரம் ஆங்கிலத்திலும் உண்டு. கொப்வெப் என்றாலே கைவிடப்பட்ட வலை, தூசி, மூலை, பயன்படுத்தாமல் கிடந்த மூளை. சிலந்தி குந்தியிருக்கும் புது வலையை அவர்கள் ஸ்பைடர் வெப் என்பார்கள். உங்கள் துப்பட்டாவுக்கு ஏற்ற சொல் கொசமர்.

கொசமர் என்பது முதலில் வலையே அல்ல. காற்றில் மிதந்து வந்து புல்லிலும் வேலியிலும் படியும் தனி இழை. 1300 அளவில் ஆங்கிலத்தில் வந்த இந்தச் சொல்லைப் பிரித்தால் கூஸ், சமர்: வாத்து, கோடை. குளிர்காலம் தொடங்கும் முன், நவம்பரில், சில நாட்கள் வெயில் திரும்பி வரும். அது வாத்து கொழுத்து இறைச்சிக்கு ஆகும் பருவம். இழைகள் வயலெங்கும் மினுங்குவதும் அப்போதுதான். பருவத்தின் பெயர் இழைக்கு ஏறிவிட்டது என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். ஜேர்மன்காரர் அதே பருவத்தைக் கிழவிகளின் கோடை என்கிறார்கள்.

இழை எங்கிருந்து வருகிறது? சிலந்திக் குஞ்சுகள் ஊர் மாறும் வழி அது. புல் நுனியில் ஏறி, கால் நுனிகளில் எம்பி நின்று, வயிற்றை வானத்துக்குத் தூக்கி நூலை விடும். காற்று அதை இழுத்துக்கொண்டு போகும். காற்று பலமாக இருந்தால் புறப்படாது; செக்கனுக்கு 3 மீற்றருக்கு உட்பட்ட இளங்காற்றுத்தான் வேண்டும். காற்றே இல்லாவிட்டாலும் வளிமண்டலத்தின் மின்புலம் அவற்றைத் தூக்கக்கூடியது என்று பிறிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். சார்லஸ் டார்வின் 1832 நவம்பர் 1ஆம் திகதி தென்னமெரிக்கக் கரையில் இருந்து 60 மைல் தள்ளிக் கப்பலில் போகும்போது, கயிறுகள் முழுவதும் இப்படி வந்திறங்கிய சிலந்திகளைக் கண்டார்.

சொல்லின் தொனிக்கு ஒரு சாட்சி: மனிதன் மிதித்தே பறந்து 1979இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த விமானத்தின் பெயர் கொசமர் அல்பற்றோஸ். பாரம் மிகக் குறைவு, பார்த்தால் ஒளி ஊடுருவும், ஆனால் தாங்கும். துப்பட்டாவுக்கும் இதுதானே வேண்டும்? அரக்னொயிட் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வாசகருக்கு எட்டுக் கால் நினைவு வரும். 'கொசமர் போன்ற' என்று உவமை உருபு சேர்க்கவும் வேண்டாம். சொல் தானே பெயரடையாக நிற்கும்.

கேள்வி: எங்கள் வீடு ஓட்டுக்கூரை. ஒட்டறை அடித்துப் பத்து நாள் ஆவதற்குள் பழையபடி தொங்குகிறது. சுவரில் கறுப்புக் கறுப்பாய்க் கோடும் விழுகிறது. என்ன செய்வது?
– இல்லத்தரசி, ஆரையம்பதி

பதில்: வலையை அடிக்கிறீர்கள், சிலந்தியை விட்டுவிடுகிறீர்கள். வீட்டு மூலையில் வலை கட்டுவது பெரும்பாலும் நீண்ட மெல்லிய கால்கள் கொண்ட சிலந்தி. தொட்டால் உடம்பைச் சுழற்றி வலையோடு அதிரும். பிறகு ஓட்டு இடுக்குக்குள் போய்விடும். பெண் சிலந்தி முட்டைகளை உருண்டையாக்கி வாயில் கவ்விக்கொண்டே திரிவதால், அது தப்பினால் அடுத்த தலைமுறையும் தப்பியது. அதன் வலையில் பசை குறைவு. அதனால் பழையதைத் திருத்திக்கொண்டிருக்காமல் பக்கத்தில் புதிது புதிதாகக் கட்டும். பழையது தூசி பிடித்து ஒட்டறையாகத் தொங்கும்.

கோடு விழுவதற்குக் காரணம் தடியைச் சுவரில் இழுப்பது. தூசி பிடித்த இழை நசுங்கிச் சுவரோடு தேய்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் மோசம், தூசி சேறாகி ஊறும். சுண்ணாம்பு பூசிய சுவர் என்றால் அந்தக் கறை பிறகு போகாது.

இப்படிச் செய்து பாருங்கள். மழையில்லாத, வீடு உலர்ந்த நாளில் தொடங்குங்கள். தண்ணீர்க் குடம், சாப்பாட்டுப் பாத்திரங்களை மூடி, மின்விசிறியை நிறுத்துங்கள். தும்புத்தடியின் தலையில் பழைய பருத்திச் சாரத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். துணி காய்ந்ததாகவே இருக்க வேண்டும். தலைக்குத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி, ஏனென்றால் மேலே பார்த்துக்கொண்டுதான் வேலை. முகட்டில் இருந்து கீழ்நோக்கி வாருங்கள். வலையின் நடுவில் தடியை வைத்து, இடியப்பச் சிக்கலைக் கரண்டியில் சுற்றுவதுபோல ஒரே பக்கமாகத் திருகுங்கள். இழை துணியில் சுருண்டு வரும், சுவரைத் தொடாது. சிலந்தியும் உருண்டையும் அதோடு சிக்கும். துணியை வீட்டுக்குள் உதறாமல் வளவுக்குள் கொண்டுபோய் உதறுங்கள். அலுமாரியின் பின்புறம், படச்சட்டங்களின் பின்புறம், மின்குமிழ்த் தாங்கி, விறாந்தைக் கைமரங்களின் மேற்பக்கம் ஆகிய இடங்களை மறந்துவிடுவதுதான் வழக்கம். திரும்பக் கட்டுவது அங்கிருந்துதான். மின்குமிழ்ப் பக்கம் போகுமுன் ஆளியை நிறுத்துங்கள்.

எமல்ஷன் பெயின்ற் பூசிய சுவரில் ஏற்கெனவே விழுந்த கோட்டுக்கு 5 லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை இறுகப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து துடைத்தால் அழுக்குத் தண்ணீர் உலர்ந்த சுவரில் வழிந்து புதுக் கோடு போடும்.

அடிக்கடி வருவதற்கு அடிப்படைக் காரணம் தீனி. இரவில் விறாந்தையில் எரியும் வெள்ளை விளக்குக்குப் பூச்சி கூடுகிறது, பூச்சிக்குச் சிலந்தி கூடுகிறது. வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளிக் குமிழ் போட்டு, கதவுக்கு நேர்மேலே இல்லாமல் சற்றுத் தள்ளி மாட்டினால் வித்தியாசம் தெரியும். பூச்சி மருந்து அடிப்பதில் பலன் குறைவு: சிலந்தி சுவரில் நடப்பதைவிட இழையில் தொங்குவதே அதிகம், அதனால் சுவரில் தங்கும் மருந்து உடம்பில் படுவதில்லை. மண்ணெண்ணெய் தெளிப்போரும் உண்டு. ஓட்டுக்கூரை மரத்தில் மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

உள்ளங்கை அகலத்தில், தட்டையாக, மண்ணிறத்தில் சுவரில் ஓடும் பெரிய சிலந்தி இருந்தால் அதை விடுங்கள். அது வலை கட்டாது; இரவில் கரப்பான் பிடிக்கும். கையால் பிடித்து நசுக்கப் போனால் கடிக்கலாம்.

கேள்வி: வெட்டுக்காயத்துக்குச் சிலந்திவலை வைத்தால் இரத்தம் நிற்குமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: வைக்காதீர்கள். இந்தப் பழக்கம் உலகம் முழுக்க இருந்திருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் கொப்வெப் என்ற பெயருள்ள தேவதையிடம் ஒருவன், விரல் வெட்டுப்பட்டால் உன்னிடம் வருகிறேன் என்று பகிடி பண்ணுவான். ஆனால் முகட்டு வலையில் இருப்பது தூசி, பூச்சி எச்சம், பல்லி எச்சம். ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் தூசியிலும் இருக்கும். சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் தொடர்ந்து அழுத்துங்கள். நிற்காவிட்டாலோ காயம் ஆழமாக இருந்தாலோ வைத்தியசாலை. ஏற்பு ஊசி எப்போது போட்டது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் வட்டைக்குள் இறங்கினால் வெள்ளாமை முழுக்கச் சிலந்திவலை, பனி பிடித்து வெள்ளையாய் நிற்கிறது. பயிருக்குக் கூடாதா? மருந்து அடிக்க வேண்டுமா?
– விவசாயி, சம்மாந்துறை

பதில்: அடிக்க வேண்டாம். வலை மற்ற நேரங்களிலும் இருக்கிறது. பனித்துளி கோத்திருக்கும்போது மட்டும் கண்ணில் படுகிறது. இலைகளுக்கு நடுவே வட்டமாக வலை கட்டுவது நீண்ட தாடையுள்ள சிலந்தி. பகலில் இலையோடு இலையாகக் காலை நீட்டி ஒட்டிக் கிடக்கும். அந்துப்பூச்சியும் தத்தியும் அதில் விழும். பயிரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே ஓடித்திரிவது ஓநாய்ச் சிலந்தி. இது வலை கட்டாது, துரத்திப் பிடிக்கும். ஒன்று நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். நீங்கள் அறக்கொட்டி என்று சொல்லும் கபிலத் தத்திக்கு முதல் எதிரி அதுதான்.

மருந்து அடித்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தத்தி தன் முட்டைகளை நெற்றண்டின் மடலுக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டாது. வெளியே திரியும் சிலந்திக்குத் தப்ப இடமில்லை. ஒரு கிழமை சொச்சத்தில் முட்டை பொரிக்கும்போது தின்ன ஆளில்லாத வயல் கிடைக்கிறது. மருந்து அடித்த வயலில் அடிக்காத வயலைவிட அறக்கொட்டி மோசமாக எரிப்பது இதனால்தான். குறிப்பாக விதைத்து முதல் 40 நாளுக்குள் இலையில் கொஞ்சம் வெட்டு விழுந்தது என்று அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண் செலவு. பயிர் அந்த வெட்டை ஈடுசெய்துவிடும், சிலந்தி அவ்வளவு சீக்கிரம் மீளாது.

வரம்பில் நின்று பார்த்து முடிவெடுக்காமல், உள்ளே இறங்கிக் குறுக்காக நடந்து, பத்து இருபது இடத்தில் பயிரை விலக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று இரண்டையும் எண்ணிக் குறித்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். தத்தியை மட்டும் சொன்னால் அவருக்கும் பாதி விடைதான் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். நெல்லில் காணும் நூலெல்லாம் சிலந்தி நூலல்ல. இலையின் இரு ஓரங்களும் நீளவாக்கில் சேர்த்துத் தைத்ததுபோல் குழலாகி, உள்ளே பச்சை சுரண்டப்பட்டு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது இலைசுருட்டிப் புழுவின் வேலை. குழலை விரித்தால் புழு இருக்கும். சிலந்தி இலையைக் காயப்படுத்தாது.

இந்தக் காட்சி நமக்குப் புதிதுமல்ல. பெரும்பாணாற்றுப்படையில், களத்தில் வைத்த நெற்போரின் பக்கங்களில் 'சிலம்பி வால் நூல்' சுற்றிக் கிடப்பதாக வருகிறது. அங்கே போர் என்பது நீங்கள் வைக்கும் சூடு, சிலம்பி சிலந்தி, வால் என்பது வாலல்ல, வெண்மை. வெட்டிய கதிரோடு களத்துக்கு வந்த சிலந்திகள் சூட்டிலேயே கட்டிய இழைகள் அவை. அறுவடைக்குப் பிறகு வைக்கோலை உடனே முழுவதும் எரித்துவிடாமல் வரம்போரம் சில கட்டுகளை விட்டுவையுங்கள். அடுத்த போகம் விதைக்கும்வரை சிலந்திகள் அதற்குள் தங்கும்.